இரண்டு பாட்டிலுக்கு நடுவே ஐந்து நிமிஷம்

என் மனைவிக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று தெரிந்தும் மூன்று வருஷம் நான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் சொல்லாமலே முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வசதி இல்லாமல் இல்லை, விவரம் தெரியாமலும் இல்லை. அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பத்து நான்கு வருஷம் வரலாறு நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். காலையில் மணி அடித்த பிறகு வரும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் நிற்கவைத்து நேரத்தின் அருமையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவேன். அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட நான் கடைப்பிடித்ததில்லை. ஒரு தடவை அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு ஒன்றை இருபது நாள் சுமந்தேன். எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கம். அங்கிருந்து பெரம்பலூர், பெரம்பலூரில் பஸ் மாறி அரியலூர், சாயங்காலம் அதே வழியில் திரும்ப. வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகத் திருத்தலாம் என்று பள்ளியில் தோன்றும். பள்ளியில் ஓய்வு பீரியடில் திருத்தலாம் என்று வீட்டில் தோன்றும். கட்டின் நூலைக்கூட நான் அவிழ்க்கவில்லை.

"அந்தக் கட்டுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடுங்க. பாவம், தெனமும் ஓசியில வந்துட்டுப் போவுது" என்றாள் என் மனைவி.

நான் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் என் சோம்பல் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏதாவது சொல்வாள், நான் சிரிப்பேன், வேலை அப்படியே கிடக்கும்.

வேப்பந்தட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் போனேன். துணைக்கு அவளும் வந்தாள். எனக்குப் பழைய கண்ணாடியே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த பெண்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துகொள்வது நல்லது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதை நான்காக மடித்து என் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். தினமும் கண்ணில் படும், மறக்காது என்பது என் கணக்கு. மறக்கவும் இல்லை. தினமும் காலையில் பேப்பர் படிக்கப் பெட்டியைத் திறக்கும்போது சீட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பர் படித்தேன். மூன்று வருஷம்.

வரலாற்று வாத்தியாருக்குக் காரணம் சொல்வது தொழில். எந்தப் போருக்கும் ஐந்து காரணம் தயாராக இருக்கும். முதல் வருஷம் மழை. அறுவை சிகிச்சை செய்த கண்ணை ஈரத்தில் வைக்கக்கூடாது என்றேன். அப்புறம் வெயில். ஆடியில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்றேன், நான் இதையெல்லாம் நம்புகிற ஆளே இல்லை. அவளுக்கும் உள்ளூரக் கத்தி என்றால் பயம். "பாத்துக்கலாம்ங்க, இப்ப என்ன" என்பாள். அவள் பயம் எனக்கு நல்ல மறைவாக இருந்தது. அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எல்லாவற்றையும்விட வசதியான காரணம் வெங்காயம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரியும் ஒரு கிணற்றுப் பாசனத் துண்டும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு சின்ன வெங்காயம் போட்டேன். பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயத்தைப் பிடுங்கினதும் விற்றுவிட மாட்டோம். தரையில் கல் வைத்து, மேலே குச்சி பரப்பி, நாலு பக்கமும் படல் கட்டி, கூரை வேய்ந்து, அதற்குள் வெங்காயத்தைக் கொட்டி வைப்போம். பட்டறை என்று பெயர். காற்று உள்ளே புகுந்து போகும், மாதக்கணக்கில் கெடாது. விலை ஏறும்போது பிரித்து விற்கலாம். என்னைப் போன்ற ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான விவசாயம் இருக்க முடியாது. தள்ளிப்போடுவதற்குப் பெயர் இங்கே சாமர்த்தியம். "பட்டறையப் பிரிச்சதும் ஆஸ்பத்திரி" என்று அவளிடம் சொன்னேன். விலை ஏறட்டும் என்று பட்டறையைப் பிரிக்காமல் இருந்தேன். உள்ளே வெங்காயம் முளைத்தது, அழுகியது. வெளியில் இருந்து பார்த்தால் கூரை அழகாக இருந்தது.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் ஒருவழியாகப் பிரித்தோம். என் மனைவி களத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கினாள். ஒவ்வொரு வெங்காயத்தையும் எடுத்து விரலால் ஒரு அழுத்து, மூக்குக்குப் பக்கத்தில் ஒரு நொடி, அப்புறம் நல்லது வலப்பக்கக் கூடைக்கு, அழுகல் இடப்பக்கக் கூடைக்கு. வேகமாகச் செய்வாள். வருகிறவர்களிடம் எல்லாம் நான் அதைக் காட்டிப் பெருமையாகப் பேசினேன். மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள், தப்பு வராது என்றேன். அவள் அப்படிச் செய்வது எவ்வளவு நாளாக என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. பேப்பர் படிப்பதை அவள் விட்டும் ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஏன் என்றதற்கு, "எல்லாம் அதே பொய்தானே, நீங்களே படிங்க" என்றாள். நல்ல பதிலாக இருந்ததால் நம்பிவிட்டேன்.

அந்த வாரம் எங்கள் மகள் வந்திருந்தாள். ஒரே பிள்ளை. அவள் வீட்டுக்காரருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை. அவள் அரியலூரில் ஒரு ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறாள். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவின் கையையே பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் இடப்பக்கக் கூடையைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

என் மனைவி அழுகல் வெங்காயத்தை வெறும் தரையில் போட்டாள். அடுத்ததையும் அங்கேயே போட்டாள். ஏழெட்டு விழுந்தன. ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குக் கண்ணு தெரியலப்பா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"யாரு சொன்னா. மூக்கு இருக்குல்ல, அது போதும்" என்றாள் என் மனைவி.

"எத்தன நாளாம்மா?"

"போன தீபாவளிலேருந்து லேசா மங்கலு."

போன தீபாவளி இல்லை, அதற்கு முந்தினதும் இல்லை. அவள் எனக்காகச் சொன்ன பொய் அது. என் சட்டைப் பையில் கண்ணாடிப் பெட்டி இருந்தது, அதற்குள் சீட்டு இருந்தது. நான் காலடியில் கிடந்த வெங்காயத்தை எடுத்துக் கூடையில் போட்டேன்.

மறுநாளே பெரம்பலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மகள் எங்களை அழைத்துப் போனாள். டாக்டர் வலது கண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். புரை நன்றாக முத்தி, கல் மாதிரி இறுகிவிட்டது, கண்ணுக்குள் அழுத்தமும் ஏறியிருக்கிறது, நரம்பு எவ்வளவு தாங்கியிருக்கிறது என்று புரையை எடுத்தால்தான் தெரியும் என்றார். பார்வை வரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. வலது கண் ஒழுங்காக ஆறினால்தான் இடது கண்ணில் கை வைப்போம். ஆறுவது பாதி டாக்டர்கள் கையில் இருக்கிறது, மீதி மருந்து விடுகிறவர் கையில் இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், இதற்கு முன் யாராவது பார்த்துச் சொன்னார்களா என்று.

"இல்லைங்க" என்றேன்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். இதையும் எழுதியாக வேண்டும்.

அறுவை சிகிச்சை அரை மணி நேரத்துக்குமேல் எடுத்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எல்லாம் புகை மூட்டமாக இருக்கிறது என்றாள். கண் உள்ளே வீங்கியிருக்கிறது, மருந்தை விட விடத் தெளியும், ஆறு வாரம் ஆகும் என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு அட்டவணையைக் கொடுத்தாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு வேளை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரண்டாவது வாரம் ஐந்து வேளை. அப்படியே குறைந்து ஆறாவது வாரம் ஒரே வேளை. இரண்டு பாட்டில். ஒன்றை விட்டு, கண்ணை மூடி ஐந்து நிமிஷம் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்தது. இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது அடித்துக்கொண்டு போய்விடும்.

"யாரு வுடுவீங்க?" என்றாள் நர்ஸ்.

மகளுக்கு லீவு இல்லை. "நான்" என்றேன்.

மகளும் அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை நர்ஸ் தப்பாகப் புரிந்துகொண்டு, "சார் ரிட்டயர்டுதானே, வேற என்ன வேல" என்று தைரியம் சொன்னாள்.

"வேல இல்லாதவரு இல்ல சிஸ்டர். முப்பது வருஷ வேல பாக்கி வச்சிருக்காரு" என்றாள் என் மகள். அவள் அம்மாவின் நாக்கு அவளுக்கு.

ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, மறுபடி ஆறு, ஒன்பது என்று என் போனில் மகள் அலாரம் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது நாள் மத்தியானம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இருந்தேன். மக்காச்சோள விலையைப் பற்றிப் பேச்சு. மூன்று மணிக்கு அலாரம் அடித்தது, நிறுத்தினேன். இதோ, இந்த டீயைக் குடித்துவிட்டு. அலாரத்தை நிறுத்தியதும் வேலையையே முடித்துவிட்டதுபோல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியில் இன்னொரு டீயும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தோளில் துண்டைப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மடியில் மருந்து டப்பாவை வைத்து. மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தவள்.

"எழுந்திருக்கிறதுதானே" என்றேன்.

"எழுந்தா நீங்க வர்ற நேரத்துல நான் வேற எங்கயாச்சும் இருப்பேன். தேடறதுக்குள்ள உங்களுக்கு வேற வேல வந்துரும்" என்றாள். "வுடுங்க."

விட்டேன். ஒரு சொட்டு தவறிக் கன்னத்தில் வழிந்தது. சாயங்காலம் மகள் போன் செய்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் என் மனைவி சொல்வது கேட்டது: "உங்கப்பாவா? மணி அடிச்ச மாரி வுடுறாரு. பள்ளிக்கூடம் நடத்துன ஆளுல்ல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு அந்த வழி நன்றாகப் பழக்கம். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாத கண்ணோடு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று உறுதி எடுக்கவில்லை. அந்த மாதிரி உறுதி என்னிடம் நிறைய இருக்கிறது, பழைய டைரிகளில் ஜனவரி மாதப் பக்கங்களைப் பார்த்தால் தெரியும். உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. எனக்கு வேலை செய்வதில் கஷ்டம் இல்லை. மருந்து விடுவது அரை நிமிஷ வேலை. எழுந்து போய்த் தொடங்குவதுதான் மலை. அந்த இடத்தில்தான் டீயும் பேப்பரும் மக்காச்சோளமும் வந்து நின்றுகொள்கின்றன. மருந்து விடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கழுவிவிட்டால் அப்புறம் அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறொன்றும் செய்ய முடியாது, மருந்துதான் விட வேண்டும். ஆகவே போனைக் கொல்லைப்பக்கத்துத் தொட்டி மேல், சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆறு வாரத்துக்கு அதுதான் போனின் வீடு. அலாரம் அடித்தால் நிறுத்த அங்கே போக வேண்டும். போனால் குழாய் இருக்கிறது, சோப்பு இருக்கிறது. வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. வெளியில் போவதாக இருந்தால் ஒரு அலாரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் போய்த் திரும்பிவிட வேண்டும். போனைக் கையில் எடுத்துப் போகக்கூடாது. டீக்கடையில் என்னைக் காணோம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

முதல் பாட்டில் விட்டதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்காவது நாள் காலையில், கண்ணை மூடியபடியே சொன்னாள்: "சும்மாதானே உக்காந்திருக்கீங்க. அந்தக் கொல்லக் கதவு தாப்பாள ஒரு முடுக்கு முடுக்குங்களேன்."

அந்தத் தாழ்ப்பாளுக்குப் பதில் பதினோரு வருஷமாக ஒரு கயிறு கட்டியிருந்தோம். ஆசாரியைக் கூப்பிட வேண்டும், கதவைக் கழற்ற வேண்டும், ஒரு நாள் வேலை என்று என் மனதில் அது பெரிதாக வளர்ந்திருந்தது. திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு திருகு தளர்ந்திருந்தன. முடுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இன்னும் ஒன்றரை நிமிஷம் பாக்கி இருந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

"கயிறு என்ன பண்ணீங்க?"

"அவுத்துட்டேன்."

"தூக்கிப் போட்றாதீங்க. பதினோரு வருஷம் உங்களுக்குப் பதிலா வேல செஞ்சிருக்கு."

அன்றிலிருந்து அது ஆரம்பித்தது. முதல் பாட்டில் விட்டதும் அவள் கண்ணை மூடுவாள், வாயைத் திறப்பாள். முப்பது வருஷப் பட்டியல் அவளிடம் மனப்பாடமாக இருந்தது. குக்கர் கைப்பிடி. பரணுக்குப் போகும் ஏணியின் இரண்டாவது படி. பீரோவின் இடது கதவு. எரியாத வாசல் விளக்கு. அதற்குப் பல்பே மாற்ற வேண்டியிருக்கவில்லை, சுவிட்சுக்குள் எறும்பு. ஆறு வேளை, ஆறு ஐந்து நிமிஷம். கண்ணை மூடியிருந்தாலும் சத்தத்தை வைத்தே அவள் மேற்பார்வை செய்தாள். "அது பீரோ சத்தம் இல்லையே, அங்க என்ன பண்றீங்க" என்பாள். பரீட்சை ஹாலில் நான்கூட அவ்வளவு கவனமாக நின்றதில்லை.

ஐந்து நிமிஷத்தில் முடியாத வேலைகளும் இருந்தன. அதற்கும் அவளே வழி சொன்னாள். "முடிக்கச் சொல்லல. அஞ்சு நிமிஷம் செய்யுங்க, அப்புறம் மருந்து வுட வாங்க." பழைய காகிதங்கள் நிறைந்த இரும்புப் பெட்டியை ஒன்பது தடவையில் பிரித்தேன். அடியில் அந்த அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் நகல் கிடைத்தது. எந்த மாணவருக்கும் ஐம்பதுக்குக் குறையவில்லை. கடைசி நாளில் ஒரே மூச்சில் திருத்தியதன் பலன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், என்னோடு வேலை பார்த்த ஒரு தமிழாசிரியருக்குப் போன் செய்யச் சொன்னாள். அவர் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. நேரில் போக வேண்டும், போனில் கேட்பது மரியாதை இல்லை என்று தள்ளி, பிறகு இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று தள்ளியிருந்தேன். போனை எடுத்து எண்ணை அழுத்தினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லாரும் மொத வாரத்துலயே கேட்டு முடிச்சுட்டாங்க சார்" என்றார். "இப்ப அவளப் பத்திப் பேச ஆளில்லாமதான் உக்காந்திருந்தேன்."

அன்றைக்கு இரண்டாவது பாட்டில் இருபது நிமிஷம் தாமதம். என் மனைவி கண்ணை மூடியே இருந்தாள், அவசரப்படுத்தவில்லை. நான் வந்து அவர் சொன்னதைச் சொன்னபோது மட்டும், "அதுக்காக இனிமே எல்லார் வூட்டுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சுப் போவாதீங்க" என்றாள்.

ஆறு ஐந்தாகி, ஐந்து நான்காயிற்று. கண் மெல்லத் தெளிந்தது. முதலில் ஜன்னல் கம்பி தெரிந்தது. பிறகு நாள்காட்டியில் இருக்கும் பெரிய எண். ஒரு காலையில் நான் மருந்து விடக் குனிந்தபோது, "அசையாம இருங்க" என்றாள். என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"காதுல இவ்ளோ முடி வச்சிருக்கீங்க" என்றாள்.

அன்றைய முதல் ஐந்து நிமிஷத்திலேயே அதை வெட்டிக்கொண்டேன். அதற்கு அடுத்த ஆபத்து, அவளுக்கு ஒட்டடை தெரிய ஆரம்பித்ததுதான். "இந்த வூட்டுலயா நாம இருந்தோம்" என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தெரியாமல் இருந்த காலத்தில் வீடு சுத்தமாக இருப்பதாக நினைத்திருக்கிறாள். கம்பை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

மார்கழியில் ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த மூன்றாவது நாள் நாலே முக்கால் மணி என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் மூன்று வருஷமும் உட்கார்ந்திருந்தது. அவள் தமிழ் எழுத்து அட்டையை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முந்தின வரி வரை வந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் நான் மூச்சு விட்டேன். பிறகு ஒரு மெஷினுக்குள் தலையை விடச் சொல்லி, ஓரங்களில் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தார்கள். இடது பக்கம் தெரிந்தது. வலது ஓரத்தில் தெரியவில்லை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. நன்றாக ஆறியிருக்கிறது, மருந்தை ஒழுங்காக விட்டிருக்கிறீர்கள் என்றார். ஆனால் அழுத்தத்தில் நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கிறது. வலது ஓரத்தில் போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றியாயிற்று. "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை.

ஆறு வாரத்து மருந்து அவளுக்குக் கண்ணைக் கொடுத்தது. மூன்று வருஷத்துச் சோம்பல் ஒரு ஓரத்தை எடுத்துக்கொண்டது. இரண்டுமே நான் செய்ததுதான். இப்போது சாலையில் போகும்போது நான் அவளுக்கு வலது பக்கம் நடக்கிறேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

இடது கண்ணை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கேட்டார். அடுத்த வாரம் முடியும், பொங்கல் கழித்தும் முடியும் என்றார்.

"பொங்கல் போவட்டும்ங்க" என்றாள் என் மனைவி. "வெள்ளையடிக்கணும், பாத்திரம் தேய்க்கணும். மக வருவா. தையிலயே வச்சுக்கலாம்."

எவ்வளவு நல்ல காரணங்கள். ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கமான குரலில் இருந்தது. நானே எத்தனையோ தடவை சொன்னவை.

"அடுத்த வாரம்" என்றேன் டாக்டரிடம்.

அவள் என் பக்கம் முழுசாகத் திரும்பினாள், வலது ஓரத்தில் நான் தெரியமாட்டேன் என்பதால். "யாருங்க இது" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

இடது கண் அவ்வளவு முத்தவில்லை, சுலபமாக முடிந்தது. மறுபடியும் ஆறு வேளை, போன் மறுபடியும் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில். இரண்டாவது நாள் காலை ஒன்பது மணி. முதல் பாட்டில் விட்டேன், அவள் கண்ணை மூடினாள். "பரண்ல அந்தப் பித்தள அண்டா" என்று ஆரம்பித்தாள்.

"இல்ல. இன்னிக்கு என்னோட வேல ஒண்ணு இருக்கு" என்றேன்.

கொல்லைப்பக்கம் போய்ப் போனை எடுத்து வந்து மகளைக் கூப்பிட்டேன். ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தாள். மருந்து விட்டாயிற்றா என்றுதான் முதலில் கேட்டாள். ஒரு பாட்டில் ஆயிற்று, இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது, அதற்குள் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் திறக்கக்கூடாது என்பதால், மூடியபடியே வேண்டாம் வேண்டாம் என்று காற்றில் கையை ஆட்டினாள்.

முகாமைச் சொன்னேன். சீட்டைச் சொன்னேன். டாக்டரிடம் இல்லை என்று சொன்னதைச் சொன்னேன். முதல் வாரம் மூன்றாவது நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன்.

ஸ்கூட்டர் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது, மகள் கீழே வைத்தாள்போல.

"அந்தச் சீட்டு எங்கப்பா இருக்கு?"

"என் கண்ணாடிப் பெட்டியில."

"தெனமும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள். "கோவமாத்தான் வருவேன். சமையல் நீங்க பண்ணுங்க."

"வா" என்றேன்.

போனை வைத்துவிட்டாள். என் மனைவி கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூடிய கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. மருந்தாகவும் இருக்கலாம்.

"நாந்தான் ஒரு வருஷம்னு சொல்லி வச்சிருந்தேன்ல. எதுக்கு இப்ப" என்றாள். பிறகு, "அவளுக்குக் கத்திரிக்காக் கொழம்பு வைங்க. உப்பு பாத்துப் போடுங்க" என்றாள். பிறகு, "அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும்."

கடிகாரத்தைப் பார்த்தேன், ஆகியிருந்தது. இரண்டாவது பாட்டிலை எடுக்கப் போனேன். போனைத் தொட்ட கை. திரும்பிக் கொல்லைப்பக்கம் போய், போனை அதன் இடத்தில் வைத்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன்.